மணி பிளான்ட்டுக்கு எவ்வளவு வெயில் வேண்டும்?

சென்னை ஃபிளாட்டில் ஹாலில் வைத்தால் கொடி மட்டும் நீளுகிறது, இலையின் மஞ்சள் தீற்றல் மறைகிறது. மேற்குப் பால்கனியில் வைத்தால் கருகுகிறது என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டுமே வெளிச்சக் கணக்குதான்.

மஞ்சள் பகுதியில் பச்சையம் குறைவு. வெளிச்சம் போதாதபோது புது இலைகள் பச்சை கூடித்தான் வரும். கணுக்களுக்கு இடையே தண்டும் நீளும். பால்கனியில் நேர்மாறு: பிற்பகல் வெயில் நேராக இலையில் விழுந்து, காகிதம் போல வெளுத்த திட்டுகள் வருகின்றன. அந்தத் திட்டுகள் திரும்பப் பச்சையாகாது, புது இலையைத்தான் பார்க்க வேண்டும்.

காலை பத்து மணி வாக்கில் இலைக்கு ஓர் அடி மேலே கையை நீட்டிப் பாருங்கள். நிழல் விளிம்பு கூர்மையாக இருந்தால் வெயில் அதிகம். மங்கலான நிழல்தான் நல்ல இடம். நிழலே தெரியாவிட்டால் இருட்டு.

கிழக்கு ஜன்னல் இதற்கு அருமை, இளங்காலை வெயில் ஒன்றும் செய்யாது. தெற்கு ஜன்னலில் கவனம் வேண்டும்: மார்கழி, தையில் சூரியன் தெற்கே சாய்வதால் வெயில் அறைக்குள் நீளமாக வரும், தொட்டியை உள்ளே தள்ளுங்கள். மேற்கு மட்டும்தான் என்றால் மெல்லிய வெள்ளைத் திரை போடுங்கள். எங்கு மாற்றினாலும் ஒரு வாரம், பத்து நாளில் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்துங்கள். வெளிச்சம் குறைந்த இடத்தில் தண்ணீரையும் குறைக்க வேண்டும், இல்லாவிட்டால் வேர் அழுகிவிடும்.