கூடத்தின் சாவி

அன்புள்ள அக்காவுக்கு,

வியாசர்பாடியில் எங்கள் தெருக்கோடியில் உள்ள சமுதாய நலக்கூடத்தில் நானும் நண்பர்கள் ஐந்து பேரும் இரண்டு வருடமாக மாலை வகுப்பு நடத்துகிறோம். நாற்பது பிள்ளைகள் வருகிறார்கள். ஆனால் ஹவுசிங் போர்டுக்காரர்களும் எதிர்த்தெருக்காரர்களும் ஒருவர் வீட்டுப் படியை ஒருவர் மிதிப்பதில்லை. பிள்ளைகளும் தனித்தனி பெஞ்சில்தான் உட்காருகிறார்கள். பொங்கலுக்கு விளையாட்டுப் போட்டி வைத்தோம். எதிர்த்தெருவிலிருந்து ஒரு பெரியவர்கூட எட்டிப் பார்க்கவில்லை. எல்லாவற்றையும் நாங்களே இழுத்துப்போட்டுச் செய்து சோர்ந்துவிட்டோம். இது எங்களால் ஆகிற காரியம்தானா?

ஒரு வாசகி, வியாசர்பாடி

அன்புள்ள தங்கைக்கு,

ஆகிற காரியம்தான். பக்கத்திலேயே பெரம்பூரில் ஒருமுறை ஆகியிருக்கிறது. பின்னி கம்பெனியின் பக்கிங்ஹாம், கர்னாடிக் ஆலைகளில் வேலை பார்த்தவர்கள் வேங்கடேச குணாமிர்த வர்ஷிணி சபையில் கூடுவார்கள். பக்திச் சொற்பொழிவு கேட்கிற இடம் அது. செல்வபதி செட்டியாரும் ராமாநுஜலு நாயுடுவும் நடத்தினார்கள். சாமி கதை கேட்க வந்தவர்கள் நாளாக நாளாக ஆலைக்குள் தாங்கள் படும் பாட்டையும் சொல்ல ஆரம்பித்தார்கள். 1918 ஏப்ரல் 27 அன்று சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. சங்கத்தை முன்னின்று நடத்திய வாடியாவும் திரு.வி.க.வும் வந்து சேர்வதற்கு முன்பே அங்கே ஒரு பழக்கம் இருந்தது, சேர்ந்து உட்காருகிற பழக்கம்.

அடுத்ததையும் சொல்லியாக வேண்டும். மூன்றே வருடத்தில், 1921 வேலைநிறுத்தத்தில், அந்த ஒற்றுமை சாதியால் பிளந்தது. ஆதிதிராவிடத் தொழிலாளர்கள் பலர் வேலைக்குத் திரும்பினார்கள். புளியந்தோப்பில் குடிசைகள் எரிந்தன, துப்பாக்கிச் சூடு நடந்தது, உயிர்கள் போயின. பிளவைத் தூண்டியதில் நிர்வாகத்துக்கும் அரசுக்கும் பங்கு உண்டு என்பார்கள், இருக்கலாம். நான் அதைவிடப் பெரிதாக நினைப்பது வேறொன்று. ஆலை வாசலில் ஒன்றாக நின்றவர்கள் வீடு திரும்பியது சேரிக்கும் தெருவுக்கும் தனித்தனியாகத்தான்.

அதனால் உங்கள் கடிதத்தில் என்னை உலுக்கியது அந்தத் தனி பெஞ்ச். பொங்கலுக்குப் பெரியவர்கள் வராதது இருக்கட்டும். நாளைக்கே பிள்ளைகளைக் கலந்து உட்காரவையுங்கள். இதற்கு யாரிடமும் அனுமதி கேட்காதீர்கள். ஒன்றிரண்டு வீட்டில் பிள்ளையை நிறுத்துவார்கள். போய்ப் பேசுங்கள், ஆனால் பழையபடி மாற்றிவிடாதீர்கள்.

பெரியவர்கள் விஷயத்தில் நான் கண்டதைச் சொல்கிறேன். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் தண்ணீர் கொருக்குப்பேட்டையில் வடியாமல் நின்றபோது எங்கள் படிப்பகத்தில் சமைத்தோம். முதல் நாள் நாங்களே ஆக்கி நாங்களே கொடுத்தோம். வந்தவர்கள் வாங்கிக்கொண்டு, தலை நிமிராமல் போனார்கள். இரண்டாம் நாள் பாதிச் சமையலில் கேஸ் தீர்ந்தது. வேறு வழியில்லாமல், எங்களோடு பேச்சுவார்த்தை இல்லாத பக்கத்துத் தெருவில் போய்க் கேட்டோம். இடுப்பளவுத் தண்ணீரில் சிலிண்டரைத் தோளில் வைத்துக்கொண்டு இரண்டு பேர் வந்தார்கள். பின்னாலேயே ஓர் அம்மா வந்து அண்டாவில் கரண்டியை விட்டு ருசி பார்த்து, "இன்னாம்மா இது, உப்பே இல்ல" என்றார். அதற்கப்புறம் அவர் கரண்டியைக் கீழே வைக்கவில்லை. மூன்றாம் நாள் வெங்காயம் அரிய ஒன்பது பேர் உட்கார்ந்திருந்தார்கள், எந்தத் தெரு யாரென்று பார்க்காமல்.

பொங்கலுக்கு நீங்கள் அவர்களைக் கூப்பிட்டீர்கள். அவர்களிடம் எதுவும் கேட்கவில்லை. தேதி, போட்டி, பரிசு எல்லாம் நீங்கள் ஆறு பேரே முடிவுசெய்திருப்பீர்கள். கல்யாணத்துக்கு வந்தவரைப் போல வந்து உட்கார நமக்கு அங்கே என்ன உரிமை இருக்கிறது என்று அவர்கள் நினைத்திருப்பார்கள். இந்த முறை கேளுங்கள். எதிர்த்தெருவில் கேரம் நன்றாக ஆடுகிறவர் இருப்பார், வாரத்தில் ஒருநாள் பிள்ளைகளுக்குச் சொல்லித்தரச் சொல்லுங்கள். தையல் மெஷின் வைத்திருக்கிற அக்காவிடம் கூடத்து ஜன்னலுக்குத் திரை தைத்துத்தரக் கேளுங்கள். கூட்டம் எத்தனை மணிக்கு என்பதையும் அவர்களையே சொல்லச் சொல்லுங்கள். விடியுமுன் காசிமேட்டுக்கு மீன் எடுக்கப் போகிற பெண்களை இரவு எட்டு மணிக்குக் கூப்பிட்டால் எப்படி வருவார்கள்?

கூடத்தின் சாவி இப்போது உங்களிடம்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். இன்னொரு சாவி செய்து எதிர்த்தெருவில் ஒருவரிடம் கொடுங்கள். வாரத்தில் இரண்டு நாள் அவர் திறக்கட்டும், அவரே பெருக்கிப் பூட்டட்டும். அந்த இரண்டு நாளும் நீங்கள் ஆறு பேரும் வீட்டில் இருங்கள். யாரிடம் கொடுத்தீர்கள், யார் யார் வந்தார்கள் என்று எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்,
அக்கா