பழைய மொபெட்டை வீட்டிலேயே பிரித்து மாற்றிக் கட்ட முடியுமா? முதலில் எதை வாங்குவது?

உங்கள் கேள்வியைச் சுருக்கினால் இதுதான்: நாற்பது வருடப் பழைய 50 சிசி மொபெட் கைக்கு வந்திருக்கிறது, பல வருடமாக ஓடவில்லை, வீட்டு கராஜிலேயே பிரித்து 70 சிசி கிட் (பெரிய சிலிண்டரும் பிஸ்டனும் அடங்கிய செட்), புது சைலன்சர், சின்ன சீட் எல்லாம் போட ஆசை. முடியுமா, முதலில் எதை வாங்குவது?

தாராளமாக முடியும். வீட்டில் வேலை கற்றுக்கொள்ள மொபெட்டைவிடத் தோதான வண்டி எனக்குத் தெரிந்து இல்லை. எஞ்சினை ஒரே ஆள் கழற்றி மேசைமேல் தூக்கி வைத்துவிடலாம். டூ ஸ்ட்ரோக் என்பதால் வால்வும் இல்லை, வால்வைத் திறக்கும் கேமும் இல்லை. பிஸ்டன் மேலும் கீழும் போகும்போதே பக்கச் சுவரில் உள்ள துளைகளைத் திறந்து மூடுகிறது, அவ்வளவுதான்.

ஆனால் கிட்டை இப்போது வாங்க வேண்டாம். வண்டியை அது பிறந்தபடியே முதலில் ஓட வையுங்கள். என் முதல் வண்டியில் நான் இதைச் செய்யவில்லை, அதனால் அழுத்திச் சொல்கிறேன்.

அது ஒரு பூக் மேக்ஸி. 1969-ல் வந்த ஆஸ்திரிய மாடல், 38 மிமீ போர் (சிலிண்டரின் உள் விட்டம்), 43 மிமீ ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்), 48.8 சிசி. போரை 45 மிமீ ஆக்கினால் 68.4 சிசி. அந்தக் கணக்கைப் பார்த்ததும் எனக்குக் கை நிற்கவில்லை. பெரிய சிலிண்டர், பெரிய கார்புரேட்டர், புது சைலன்சர் மூன்றையும் ஒரே வாரத்தில் மாட்டினேன். வண்டி சீறிக்கொண்டு போனது. ஒரே ஒரு விஷயம்தான் உறுத்தியது: ஆக்சிலேட்டரை விட்ட பிறகும் எஞ்சின் சத்தம் சட்டென்று இறங்காமல், கொஞ்ச நேரம் ரேஸிலேயே நின்று அப்புறம் இறங்கும். புது எஞ்சினின் துடிப்பு என்று நினைத்துக்கொண்டேன். மூன்றாம் நாள் முழு ஆக்சிலேட்டரில் போகும்போது சத்தம் மெலிந்து, இழுவை போய், அப்படியே நின்றுவிட்டது. கழற்றிப் பார்த்தால் பிஸ்டனின் சைலன்சர் பக்கம் அலுமினியம் உருகி இழுபட்டிருந்தது. ரிங் அதன் பள்ளத்திலேயே ஒட்டிக்கொண்டுவிட்டது.

காரணம் கிட் இல்லை, மேக்னெட் பக்கத்து கிராங்க் ஆயில் சீல், அதாவது பிஸ்டன் சுழற்றும் தண்டைச் சுற்றிக் காற்று புகாமல் அடைக்கும் ரப்பர் வளையம். வயதாகி ரப்பர் இறுகிப்போயிருந்தது. டூ ஸ்ட்ரோக்கில் கிராங்க் இருக்கும் அறைதான் பெட்ரோல் கலவையை உறிஞ்சி மேலே தள்ளும் பம்ப். அங்கே ஓட்டை விழுந்தால் வெளிக்காற்று உள்ளே போய்க் கலவை மெலியும். மெலிந்த கலவையில் சூடு ஏறும். போதாததற்கு பிஸ்டனுக்கு வரவேண்டிய ஆயிலும் அந்தக் கலவையில்தான் இருக்கிறது, அதுவும் குறையும். ஸ்டாக் எஞ்சினாக இருந்திருந்தால் இரண்டு வாரம் ஓட்டும்போதே இந்தக் கோளாறு பெரிய சேதமில்லாமல் தெரிந்திருக்கும். மூன்றை ஒன்றாக மாற்றியதால் எது எதனால் என்று எனக்குத் தெரியவே இல்லை.

ஆகவே முதலில் வாங்க வேண்டியது உங்கள் மாடலுக்கான ஆயில் சீல், கேஸ்கெட் செட், ஒரு ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்), ஃப்ளைவீல் புல்லர் (கிராங்க் முனையில் உள்ள கனத்த சக்கரத்தை இழுத்துக் கழற்றும் கருவி). புல்லர் இல்லாமல் சுத்தியலால் தட்டி ஃப்ளைவீலைக் கழற்ற நினைக்காதீர்கள், கிராங்க் வளைந்துவிடும். ஃப்ளைவீல் நட்டைத் தளர்த்தும்போது எஞ்சின் சுற்றாமல் இருக்க, பிளக் துளை வழியாக மெல்லிய பருத்திக் கயிற்றை உள்ளே திணித்தால் பிஸ்டன் அதில் மெத்தென்று முட்டி நிற்கும். ஒரு முனையை மட்டும் வெளியே விட்டு வையுங்கள். இடது பெடல் தலைகீழ் மரை கொண்டது. அதைச் சாதாரண நட் போலத் திருப்பினால் இன்னும் இறுகும்.

அடுத்தது டாங்க். பல வருடம் நின்ற வண்டி என்றால் உள்ளே துரு நிச்சயம். மேக்ஸியில் தனி டாங்க் கிடையாது, ஃபிரேமே டாங்க். நான் அதில் சலவைச் சோடா கரைத்த தண்ணீரை நிரப்பி, ஒரு சாதாரண இரும்புக் கம்பியை ஃபிரேமில் எங்கும் படாமல் தொங்கவிட்டு, பேட்டரி சார்ஜரின் பாசிட்டிவைக் கம்பிக்கும் நெகட்டிவை ஃபிரேமுக்கும் கொடுத்தேன். மறுநாள் கம்பி கறுப்புச் சேறு பூசிக்கொண்டு வெளியே வந்தது, உள்ளே வெறும் சாம்பல் நிற இரும்பு. இதைத் திறந்த வெளியில்தான் செய்ய வேண்டும், ஹைட்ரஜன் வரும். எவர்சில்வர் கம்பி வேண்டாம், அதிலுள்ள குரோமியம் நச்சாகத் தண்ணீரில் இறங்கும். அலசிய உடனே உலர்த்தி, கொஞ்சம் 2டி ஆயிலை (டூ ஸ்ட்ரோக் ஆயில்) உள்ளே சுழற்றிவிடுங்கள். இல்லாவிட்டால் ஒரு மணி நேரத்திலேயே மறுபடி செம்மை படரும்.

எனக்கு மிகவும் பிடித்த வேலை பாயிண்ட் செட் பண்ணுவது. பாயிண்ட் என்பது ஃப்ளைவீலுக்குப் பின்னால், திறக்கும்போது பிளக்கில் பொறி விழவைக்கும் சின்ன சுவிட்ச். பெரும்பாலான பழைய மொபெட்டுகளுக்கு முழுதாகத் திறந்திருக்கும்போது இடைவெளி 0.35 முதல் 0.45 மிமீ. அதை ஃபீலர் கேஜில் வைத்த பிறகு, சிகரெட் சுற்றும் மெல்லிய தாளில் ஒரு துண்டைப் பாயிண்டுகளுக்கு நடுவே கடிக்க விட்டு, தாளை லேசாக இழுத்தபடி ஃப்ளைவீலை மெதுவாகத் திருப்புங்கள். தாள் எந்த இடத்தில் வழுக்கிக்கொண்டு வருகிறதோ அங்கேதான் பொறி விழுகிறது. ஃப்ளைவீலில் உள்ள குறி அந்த நேரத்தில் கேஸ் குறியோடு நேராக நிற்க வேண்டும். அந்தத் தாள் விரலில் விடுபடும் கணம் பழகிவிட்டால் டைமிங் என்றால் என்ன என்று யாரும் உங்களுக்கு விளக்க வேண்டியிருக்காது.

சரி, ஓட ஆரம்பித்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். கார்புரேட்டர் இணைப்பு, சிலிண்டர் அடி, சீல் பக்கம் எல்லாம் கார்புரேட்டர் கிளீனரைச் சிறிதாக அடித்துப் பாருங்கள். எஞ்சினைக் கிளப்பிய உடனே, அது சூடேறும் முன், பக்கத்தில் பொறியோ தீயோ இல்லாமல் செய்யுங்கள். சத்தம் மாறினால் அங்கே காற்று கசிகிறது. மூடிய கராஜில் எஞ்சினை ஓடவிடவே கூடாது, கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. பழைய பிரேக் ஷூவில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம், அந்தத் தூசியைக் காற்றடித்து ஊதாமல் ஈரத்துணியால் துடையுங்கள்.

மாற்றங்களில் முதலாவதாகப் பிரேக்கைச் சொல்வேன். இந்த வண்டிகளின் சின்ன டிரம் அன்றைய வேகத்துக்கு அளந்து வைத்தது. புது ஷூ, புது கேபிள், இறுக்கிய ஸ்போக், நல்ல டயர் இல்லாமல் வேகத்தைத் தொடாதீர்கள். அப்புறம் முன் ஸ்பிராக்கெட், அதாவது எஞ்சின் பக்கம் செயின் மாட்டும் பல்சக்கரம். 15 பல்லை 16 ஆக்கினாலே ஒரே சுற்றில் சுமார் 7 சதவீதம் கூடுதல் தூரம், எஞ்சினைத் தொடவே வேண்டாம். பிறகு சைலன்சர், அதற்கேற்ற ஜெட் (கார்புரேட்டரில் பெட்ரோலை அளந்து விடும் சிறு துளை). கிட் கடைசியில். எதை மாற்றினாலும் பெரிய ஜெட்டில் தொடங்கிப் படிப்படியாகக் குறையுங்கள். முழு ஆக்சிலேட்டரில் ஓட்டி அப்படியே எஞ்சினை அணைத்து பிளக்கைக் கழற்றிப் பார்த்தால், வெளுத்திருந்தால் கலவை மெலிவு, கறுத்து ஈரமாக இருந்தால் பெட்ரோல் அதிகம், பழுப்பு நிறம்தான் வேண்டும். புது பிஸ்டன் மாட்டும்போது தலையில் உள்ள அம்புக்குறி சைலன்சர் பக்கம் பார்க்க வேண்டும். ரிங்கின் இரு முனைகளும் பள்ளத்தில் உள்ள சிறு பின்னுக்கு இருபுறமும் உட்கார வேண்டும், தவறினால் முனை துளையில் மாட்டி உடையும்.

பெயின்ட், சீட், ஹேண்டில்பார் எல்லாம் உங்கள் இஷ்டம். ஃபிரேமை வெட்டுவது, வெல்டு வைப்பது மட்டும் வேண்டாம், அதுவும் டாங்க் ஃபிரேமுக்குள்ளேயே இருந்தால் நினைத்துக்கூடப் பார்க்காதீர்கள். காலியான டாங்கிலும் பெட்ரோல் ஆவி தங்கியிருக்கும். 50 சிசி தாண்டினால் பல நாடுகளில் சட்டப்படி அது மொபெட்டே இல்லை. ஐரோப்பிய ஒன்றியத்தில் 50 சிசி, மணிக்கு 45 கிமீ என்பதே எல்லை. கிட் வாங்கும் முன் பதிவையும் இன்சூரன்ஸையும் விசாரித்துக்கொள்ளுங்கள்.

எஞ்சின் கேஸில் பொறித்திருக்கும் எழுத்தையும் எண்ணையும் துடைத்து, ஒரு படம் எடுத்துக் கேள்வியோடு சேருங்கள். எந்த எஞ்சின் என்று தெரிந்தால் சீல் அளவும் புல்லர் மரையும் சொல்கிறேன்.