மார்மன்கள் கிறித்தவர்களா? – கடிதம்

அன்புள்ள ஐயா,

அமெரிக்க எழுப்புதல் கூட்டங்களைப் பற்றி நீங்கள் எழுதிய கட்டுரையில் ‘மார்மன்கள் உள்ளிட்ட புராட்டஸ்டண்ட் சபைகள்’ என்று ஒரு வரி வருகிறது. படித்ததும் சுருக்கென்றது. நான் சி.எஸ்.ஐ. குடும்பத்தில் பிறந்தவன். கல்யாணத்துக்குப் பிறகு மனைவி வீட்டாரோடு பெந்தெகொஸ்தே சபைக்குப் போகிறேன். குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுக்கலாமா என்பதில் தொடங்கி எல்லாவற்றிலும் இரண்டு வீட்டுக்கும் சண்டை. மார்மன்கள் கிறித்தவர்கள் இல்லை என்ற ஒரு விஷயத்தில் மட்டும் இரண்டு வீடும் ஒற்றுமை.

போன மாதம் கோவையில் பேருந்துக்கு நின்றபோது இரண்டு இளைஞர்கள் பேச்சுக் கொடுத்தார்கள். வெள்ளைச் சட்டை, டை, நெஞ்சில் கறுப்புப் பெயர்ப்பட்டை. மனந்திரும்புதல், ஞானஸ்நானம், பரிசுத்த ஆவி என்று எங்கள் பாஸ்டர் பேசுகிற மாதிரியே பேசினார்கள். வேதாகமத்தோடு சேர்த்து அவர்கள் வேதமாக மதிக்கும் மார்மன் புஸ்தகம் ஒன்றும் கொடுத்தார்கள். பாஸ்டரிடம் சொன்னேன். “அதை வீட்டுக்குள் கொண்டுபோகாதீங்க தம்பி” என்றார். அது இன்னும் பைக் பெட்டியில்தான் இருக்கிறது.

ஜோசப் ஸ்மித் புதிதாக ஒரு மதத்தை உண்டாக்கினாரா, அல்லது சுற்றியிருந்த சபைகளிலிருந்து எடுத்துக்கொண்டாரா? அந்தப் புத்தகத்தை எழுதியதே ரிக்டன் என்ற பாப்டிஸ்ட் போதகர்தான் என்று யூடியூபில் ஒருவர் சொல்கிறாரே, உண்மையா? நான் அதைப் படிக்கலாமா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

அந்த வரி தவறுதான். உங்கள் பாஸ்டர் மட்டுமல்ல, மார்மன்களே அதை ஒத்துக்கொள்ள மாட்டார்கள். லூத்தரும் கால்வினும் செய்தது சீர்திருத்தம். தங்களுடையது மறுஸ்தாபிதம் என்பார்கள். அப்போஸ்தலர்கள் மறைந்த பின் திருச்சபையே பூமியில் இல்லாமல் போய்விட்டது, இல்லாத ஒன்றை எப்படிச் சீர்திருத்துவது என்பது அவர்கள் கேள்வி. ஆனால் ஜோசப் ஸ்மித் சபையைத் தொடங்கிய 1830ஐ மனதில் வைத்து எழுதியிருந்தால் என் வரி அவ்வளவு பெரிய தவறாக இருந்திருக்காது. மார்மன்களைப் பற்றிப் பேசும்போது எந்த ஆண்டைப் பற்றிப் பேசுகிறோம் என்று முதலில் சொல்லிவிட வேண்டும். 1830க்கும் அவர் கொல்லப்பட்ட 1844க்கும் இடையில் அந்தச் சபை போன தூரம் அப்படி.

ஸ்மித் குடும்பம் வெர்மான்டில் கோடையே வராமல் விளைச்சல் பொய்த்த 1816இல் நியூயார்க் மாநிலத்தின் பால்மைராவுக்குப் பிழைக்க வந்தது. எழுப்புதல் தீ மாறிமாறிப் பற்றியதில் கருகிப்போன நிலம் என்று பின்னாளில் பெயர் வாங்கிய பகுதி அது. அம்மா லூசி பிள்ளைகள் சிலரோடு பிரஸ்பிட்டேரியன் சபையில் சேர்ந்தார். அப்பா எந்தச் சபையிலும் சேரவில்லை. அவருடைய தகப்பனார் ஆசேல் எல்லா மனிதரும் கடைசியில் இரட்சிக்கப்படுவார்கள் என்ற யூனிவர்சலிஸ்ட் பக்கம் சாய்ந்தவர். ஜோசப்புக்கோ மெதடிஸ்டுகள் மீது ஒரு கண். உங்கள் வீட்டுச் சண்டையை நீங்கள் விவரித்ததைப் படித்தபோது இந்த வீடுதான் நினைவுக்கு வந்தது.

எந்தச் சபை சரி என்று குழம்பிய பையனுக்கு யாக்கோபு நிருபத்தின் ஒரு வசனம் வழிகாட்டியது என்பது மார்மன் சரித்திரத்தின் தொடக்கம். “உங்களில் ஒருவன் ஞானத்தில் குறைவுள்ளவனாயிருந்தால்... தேவனிடத்தில் கேட்கக்கடவன்” என்று நமக்கும் பாடமான வசனம்தான். 1820இல் தோப்புக்குள் போய் ஜெபித்தார், பிதாவும் குமாரனும் தரிசனமானார்கள், எந்தச் சபையிலும் சேராதே, எல்லாமே தவறு என்று சொன்னார்கள் என்பது 1838இல் அவர் சொல்லி எழுதவைத்த வடிவம். 1832இல் எழுதியது வேறு மாதிரி இருக்கிறது. அதில் பையனின் பெரிய கவலை தன் பாவங்கள். கர்த்தர் தோன்றி, மகனே, உன் பாவங்கள் மன்னிக்கப்பட்டன என்கிறார். அன்றைய மெதடிஸ்ட் கூட்டங்களில் எழுந்து நின்று சாட்சி சொன்ன எத்தனையோ பேர் சொன்ன கதைதான் இது. மற்ற சபைகள் மீதான தீர்ப்பு ஆறு ஆண்டு கழித்து வந்த வடிவத்தில்தான் கூர்மையாகிறது. ஒரே ஆள் ஒரே அனுபவத்தை வயதுக்கேற்ப வேறுவேறாக நினைவுகூர்வதும் உண்டு. ஆகவே இதை வைத்து அவரைப் பொய்யர் என்று நான் சொல்ல மாட்டேன். எங்கே நின்று அதைத் திரும்பிப் பார்க்கிறார் என்பது மாறியிருக்கிறது.

பழங்காலப் பொன் தகடுகளிலிருந்து மொழிபெயர்த்ததாக ஸ்மித் சொன்ன மார்மன் புஸ்தகம் 1830 மார்ச்சில் பால்மைராவில் கிராண்டின் என்பவரின் அச்சகத்தில் 5,000 பிரதிகள் அச்சாகி வெளிவந்தது. பணத்துக்காக மார்ட்டின் ஹாரிஸ் என்ற விவசாயி தன் நிலத்தை 3,000 டாலருக்கு அடமானம் வைத்தார். ஏப்ரல் 6ஆம் தேதி சபை தொடங்கியது. அப்போது அதன் பெயர் வெறும் ‘கிறிஸ்துவின் சபை’. அதே பெயரை அன்று இன்னும் பல குழுக்களும் வைத்திருந்தன.

அந்தக் குழுக்களில் முக்கியமானவர் அலெக்ஸாண்டர் கேம்ப்பெல். விசுவாசப் பிரமாணங்களை எல்லாம் தூக்கிப்போட்டுவிட்டு அப்போஸ்தலர் காலத்துச் சபையைத் திரும்பக் கட்டவேண்டும் என்றவர். புத்தகத்தை முதலில் உட்கார்ந்து படித்துக் கிழித்தவரும் அவரே. கடந்த பத்து ஆண்டுகளில் நியூயார்க்கில் விவாதிக்கப்பட்ட ஒவ்வொரு பிழையும் கிட்டத்தட்ட ஒவ்வொரு உண்மையும் இதில் இருக்கிறது என்று 1831இல் எழுதினார். குழந்தை ஞானஸ்நானம், திரித்துவம், மறுபிறப்பு, நித்திய தண்டனை, யார் ஞானஸ்நானம் கொடுக்கலாம் என்று பட்டியல் போட்டு, கடைசியில் ஃப்ரீமேசன் என்ற ரகசியச் சங்கத்தின் விவகாரம்வரை வந்து நிறுத்தினார். கிண்டலாக எழுதியதுதான். ஆனால் அந்தப் புத்தகத்தைப் பற்றி அதைவிடச் சரியாக யாரும் எழுதவில்லை என்பது என் எண்ணம். பழங்கால அமெரிக்காவில் நடப்பதாகச் சொல்லும் கதையில் பால்மைரா தெருவின் வாக்குவாதம் முழுக்கக் கேட்கிறது.

கேம்ப்பெலின் கோபத்துக்கு இன்னொரு காரணமும் இருந்தது. உங்கள் யூடியூப்காரர் சொல்லும் சிட்னி ரிக்டன் அவருடைய ஆள். ஒஹாயோவில் மென்டார் ஊரில் போதகர், பேச்சில் மன்னன். ஆதிச் சபையைப் போல் சொத்தைப் பொதுவில் வைக்க வேண்டும், ஆவியின் வரங்கள் இன்றும் கிடைக்க வேண்டும் என்று ரிக்டன் கேட்க, கேம்ப்பெல் மறுக்க, 1830 ஆகஸ்டில் இருவருக்கும் முறிந்தது. இரண்டு மாதம்தான் கழிந்திருக்கும், ரிக்டனால் விசுவாசத்துக்கு வந்திருந்த பார்லி பிராட் புதுப் புத்தகத்தோடு வாசலில் வந்து நிற்கிறார். நவம்பரில் ரிக்டன் ஞானஸ்நானம் பெற்றார். சில வாரங்களில் கர்ட்லண்ட் பகுதியில் நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் பின்தொடர்ந்தார்கள். அடுத்த ஆண்டு ஸ்மித்தே ஒஹாயோவுக்குக் குடிபெயர்ந்தார். அந்தக் கூட்டம் புதிதாகக் கற்றுக்கொள்ள அதிகம் இல்லை. விசுவாசம், மனந்திரும்புதல், பாவமன்னிப்புக்கென்று மூழ்கு ஞானஸ்நானம், பரிசுத்த ஆவியின் வரம். இந்த வரிசையைக் கேம்ப்பெலின் கூட்டாளி வால்டர் ஸ்காட் ஏற்கெனவே விரல்விட்டு எண்ணச் சொல்லிக் கொடுத்திருந்தார். மார்மன்களின் விசுவாசப் பிரமாணங்களில் நான்காவதை எடுத்துப் பாருங்கள், அதே வரிசை. ஆவியின் வரத்துக்குக் கைகளை வைப்பது மட்டும் கூடுதல். உங்கள் பாஸ்டர் குரல் மாதிரியே கேட்டது என்றீர்களே, காரணம் இதுதான்.

ஆகவே யூடியூப் கதை: ரிக்டன் புத்தகத்தைச் சந்தித்ததே அது அச்சான பிறகுதான். சாலமன் ஸ்பால்டிங் என்பவரின் கையெழுத்துப் பிரதியைத் திருடி ரிக்டன் செய்த வேலை என்று 1834இலேயே ஒரு புத்தகம் வந்துவிட்டது. ஐம்பது ஆண்டுக்குப் பின், 1884இல், ஸ்பால்டிங்கின் பிரதி ஹொனலூலுவில் ஒரு பழைய காகிதக் கட்டில் கிடைத்தது. ஒப்பிட்டால் ஒட்டவே இல்லை. ஆனாலும் கதை சாகவில்லை.

ஒரு விஷயத்தில் மட்டும் முதல் மாதத்திலேயே கதவு சாத்தப்பட்டுவிட்டது. ஏற்கெனவே மூழ்கு ஞானஸ்நானம் எடுத்தவர்கள், எங்களுக்கு மறுபடி எதற்கு என்று கேட்டார்கள். நூறு தடவை எடுத்திருந்தாலும் பயனில்லை என்று 1830 ஏப்ரலில் ஸ்மித்துக்கு வெளிப்பாடு வந்தது. தண்ணீரிலும் வார்த்தையிலும் குறையில்லை, கொடுத்தவருக்கு அதிகாரம் இல்லை என்பது வாதம். வேதத்தைச் சரியாகப் படித்தால் ஆதிச் சபையைத் திரும்பக் கட்டலாம் என்றார் கேம்ப்பெல். படித்தால் போதாது, யோவான்ஸ்நானகனே வந்து தலையில் கை வைக்க வேண்டும், 1829 மே மாதம் எனக்கும் என் எழுத்தர் ஆலிவர் கவுட்ரிக்கும் அப்படி வைத்தார் என்றார் ஸ்மித். உபதேசத்தில் பக்கத்து வீடு. அதிகாரத்தில் வேறு ஊர்.

பிறகு உபதேசமும் நகர்ந்தது. இதை ஒரே ஒரு வரியில் காட்டலாம். மார்மன் புஸ்தகத்தில் முதலாம் நேபி 11ஆம் அதிகாரத்தில் நேபி என்ற தீர்க்கதரிசிக்கு மரியாளைத் தேவதூதன் காட்டுகிறான். 1830 பதிப்பில் அவள் ‘தேவனுடைய தாய்’. எந்தக் கத்தோலிக்கரும் ஆமென் சொல்லும் சொல். 1837 பதிப்பில் அது ‘தேவகுமாரனுடைய தாய்’ ஆகிவிட்டது. மூன்று வசனம் தள்ளி ‘நித்திய பிதா’ என்றிருந்தது ‘நித்திய பிதாவின் குமாரன்’ ஆனது. பொருள் தெளிவுக்காகத் திருத்தியது என்று மார்மன்கள் சொல்வார்கள். இருக்கலாம். ஆனால் திருத்தம் போகிற திசையைக் கவனியுங்கள்: பிதாவும் குமாரனும் விலகிக்கொண்டே போகிறார்கள். 1835இல் சபை வெளியிட்ட உபதேசத் தொகுப்பில் பிதா ஆவியாயிருப்பவர், குமாரனே சரீரமுடையவர். 1843 ஏப்ரலில் ஸ்மித், பிதாவுக்கும் மாம்சமும் எலும்பும் உண்டு என்று போதிக்கிறார். மறு ஏப்ரலில், அப்போது மார்மன்கள் குடியிருந்த இல்லினாய் மாநிலத்து நாவூ நகரில், கிணறு வெட்டும்போது கல் நிறைந்த வாளி விழுந்து இறந்த கிங் ஃபாலட் என்ற சகோதரருக்காகச் செய்த பிரசங்கத்தில் உச்சிக்குப் போகிறார்: தேவனும் ஒரு காலத்தில் நம்மைப் போல மனிதராக இருந்தவர், மனிதர்களும் தேவர்களாகக் கற்றுக்கொள்ள வேண்டும். பதினான்கு வருடம்! பிதாவும் குமாரனும் ‘ஒரே தன்மை’ என்று நான்காம் நூற்றாண்டில் நிசேயா சங்கம் வகுத்த பிரமாணத்தை உடைக்க இவ்வளவு தூரம் போனவர்கள் அரிது.

இதை அன்றே எதிர்த்தவர்கள் பக்கத்து ஊர் பிரஸ்பிட்டேரியன்கள் மட்டுமல்ல. ஸ்மித்தின் ஆலோசகராக இருந்த வில்லியம் லாவும் நண்பர்களும் 1844 ஜூன் 7இல் ‘நாவூ எக்ஸ்பாசிட்டர்’ என்ற பத்திரிகையை ஒரே ஓர் இதழ் கொண்டுவந்தார்கள். மார்மன் புஸ்தகம் உண்மை, முதலில் போதித்த மார்க்கமும் உண்மை, பல தேவர்கள் என்பதும் பலதார மணமும்தான் பொய் என்பது அவர்கள் வழக்கு. மூன்றாம் நாள் நகர நிர்வாகத்தின் உத்தரவில் அச்சு இயந்திரம் உடைக்கப்பட்டது. அதன் தொடர்ச்சியாகச் சிறைக்குப் போன ஸ்மித் ஜூன் 27இல் கார்த்தேஜ் சிறையில் ஒரு கும்பலால் சுட்டுக் கொல்லப்பட்டார். 1830இன் மார்மன்கள் 1844இன் மார்மன்களோடு போட்ட சண்டை என்றே நான் இதைப் படிக்கிறேன். ஸ்மித்துக்குப் பின் தலைமையேற்ற பிரிகம் யங்கின் பின்னால் யூட்டாவுக்குப் போகாதவர்களில் ஒரு பகுதியினர் 1860இல் ஸ்மித்தின் மகனைத் தலைவராக்கிக்கொண்டார்கள். இன்று ‘கம்யூனிட்டி ஆஃப் கிறைஸ்ட்’ என்ற பெயரில் இருக்கும் அந்தச் சபை திரித்துவத்தை ஏற்கிறது, மற்ற புராட்டஸ்டண்டுகளோடு ஒரே மேடையில் உட்கார்கிறது.

உங்கள் இரண்டு இளைஞர்களுக்கும் மூத்த அண்ணன்கள் நம் பக்கம் வந்தது 1853இல். ரிச்சர்ட் பாலன்டைன் உள்ளிட்ட மூவர் மதராஸில் வந்து இறங்கினார்கள். முந்தைய ஆண்டுதான் பலதார மணத்தை யூட்டாவில் பகிரங்கமாக அறிவித்திருந்தார்கள். அடுத்த ஆண்டே பாலன்டைன் கப்பலேறிவிட்டார்.

கிறித்தவர்களா இல்லையா என்றால், யார் கேட்கிறார்கள் என்பதைப் பொறுத்தது. பிதா, குமாரன், பரிசுத்த ஆவியின் பேரால்தான் அவர்களும் மூழ்கடிக்கிறார்கள். இருந்தும் அந்த ஞானஸ்நானம் செல்லாது என்று 2001இல் வத்திக்கான் தீர்த்தது; சொல் ஒன்று, சொல்லின் பொருள் வேறு என்பது காரணம். அமெரிக்க மெதடிஸ்டுகள் முந்தைய ஆண்டே அதே முடிவுக்கு வந்திருந்தார்கள். நூறு தடவை எடுத்தாலும் பயனில்லை என்ற 1830 ஏப்ரலின் பதில் 170 ஆண்டு கழித்து, வந்த திசையிலேயே திரும்பிப் போயிருக்கிறது. நிசேயாவை அளவுகோலாக வைத்தால் உங்கள் பாஸ்டர் சரி. இயேசுவே மேசியா, அவரே பாவநிவாரணம், உயிர்த்தெழுந்தார் என்று நம்புகிறவரைச் சமய வரலாறு எழுதும் என்னைப் போன்றவன் வேறு எந்தப் பெயரில் எழுதுவது? கிறித்தவர் என்றுதான் எழுதுவேன். புராட்டஸ்டண்ட் என்று இனி எழுத மாட்டேன்.

புத்தகத்தைத் தாராளமாகப் படியுங்கள். முதல் பக்கத்திலிருந்து ஆரம்பித்தால் பாதியில் விட்டுவிடுவீர்கள். பழைய வேதாகம நடையில் இன்று ஒருவர் அறுநூறு பக்கம் எழுதினால் எப்படி இருக்கும், அப்படி இருக்கும். ஏசாயா அதிகாரங்கள் நீளமாக வரும்; உங்களிடம் இருப்பதுதான், தாண்டிப் போங்கள். கடைசிப் பக்கம் போய் மொரோனி 8ஆம் அதிகாரத்தை முதலில் படியுங்கள். சிறு குழந்தைகளுக்கு ஞானஸ்நானம் கொடுப்பதை ஒரு தகப்பன் மகனுக்கு எழுதும் கடிதத்தில் பிடிபிடி என்று பிடிக்கிறார். மனைவி வீட்டார் கைதட்டுவார்கள், உங்கள் வீட்டில் காட்டவேண்டாம்.

கட்டுரையில் அந்த வரியைத் திருத்திவிட்டேன்.