டீச்சரிடம் கேளுங்கள்: “நல்லவங்க தொட்டா?”

கேள்வி: என் மகள் இரண்டாம் வகுப்பு. பள்ளியில் ‘நல்ல தொடுதல், கெட்ட தொடுதல்’ சொல்லிக் கொடுத்தார்கள். அதிலிருந்து, என் மாமனாரின் தம்பி ஊரிலிருந்து வந்து மடியில் இழுத்து உட்கார வைத்தால் ‘வேண்டாம்’ என்று ஓடிவிடுகிறாள். பெரியவர்களை மதிக்கத் தெரியவில்லை என்று வீட்டில் என்னைத்தான் திட்டுகிறார்கள்.
– ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: உங்கள் மகள் செய்வது சரிதான் அம்மா. அதை முதலில் அவளிடம் சொல்லிவிடுங்கள். சின்னத் தாத்தா தப்பானவர் என்று இதற்கு அர்த்தமில்லை. அவளுக்குப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான். “வணக்கம் சொல்லு, தண்ணி கொண்டு வந்து கொடு, மடியில உட்காரணும்னு இல்லை” என்று அவர் எதிரிலேயே சொல்லுங்கள். மரியாதைக்கு அது போதும். தன் ‘வேண்டாம்’ வீட்டிலேயே செல்லாது என்று தெரிந்துகொண்ட பிள்ளை, நாளை வேனிலோ டியூஷனிலோ எந்தத் தைரியத்தில் அதைச் சொல்லும்?

31 வருடம் ஆரம்பப் பள்ளியில் இருந்தவள் நான். இந்தப் பாடத்தை முதல் தடவை தப்பாகத்தான் நடத்தினேன். “கெட்டவங்க தொட்டா டீச்சர்கிட்ட வந்து சொல்லணும்” என்றேன். மூன்றாவது வரிசையில் ஒரு பெண், பென்சிலைக் கடித்துக்கொண்டே, “நல்லவங்க தொட்டா, டீச்சர்?” என்று கேட்டாள். எனக்குப் பதில் வரவில்லை. பிள்ளைகளிடம் தப்பாக நடப்பவர்களில் பெரும்பாலோர் தெரிந்தவர்கள்தான். மிட்டாய் வாங்கித் தருகிறவர்கள், வீட்டுக்கு வந்து போகிறவர்கள். பிள்ளையின் கணக்கில் அவர்கள் நல்லவர்கள்.

அன்றோடு ஆளைப் பற்றிப் பேசுவதை விட்டேன். உள்ளாடை மறைக்கிற இடத்தை யாரும் தொடக் கூடாது, காட்டச் சொல்லக் கூடாது, அவர்களுடையதைத் தொடச் சொல்லவும் கூடாது. குளிப்பாட்டும் அம்மாவும், அம்மா கூட இருக்கும்போது பார்க்கும் டாக்டரும்தான் விலக்கு. “அம்மாகிட்ட சொல்லாதே” என்று யார் சொன்னாலும், அதை முதலில் அம்மாவிடம்தான் சொல்ல வேண்டும்.

அப்புறம், நோட்டில் கையை வைத்து வரைந்து, எதையும் சொல்லக்கூடிய ஐந்து பெரியவர்களை விரலுக்கு ஒருவராக எழுதச் சொல்வேன். ஒரு பையன் நான்கு விரலை நிரப்பிவிட்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தான். பிறகு என் பக்கத்தில் வந்து, “சத்துணவு ஆயா பேரு எழுதலாமா?” என்றான். சுண்டு விரலில் எழுதினான். அன்று மதியமே ஆயாவிடம் போய், இந்தப் பிள்ளை எதைச் சொன்னாலும் அதட்டாமல் கேளுங்கள் என்று சொல்லி வைத்தேன்.

கேள்வி: பிள்ளை அப்படி ஏதாவது சொல்லிவிட்டால் போலீஸ், கோர்ட் என்று அலைய வேண்டும், பெயர் வெளியே வந்துவிடும் என்று பயமாக இருக்கிறதே?
– ஒரு வாசகர், ஈரோடு

பதில்: பிள்ளைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்க வந்த 2012ஆம் வருடத்துப் போக்சோ சட்டப்படி பிள்ளையின் வாக்குமூலத்தை வீட்டிலேயே வாங்கலாம். கூடியவரை பெண் எஸ்.ஐ. வர வேண்டும், சீருடையில் வரக் கூடாது. இரவில் பிள்ளையை ஸ்டேஷனில் வைத்திருக்கக் கூடாது. பெயர், முகவரி, பள்ளி எதையும் பத்திரிகையில் போடக் கூடாது. தெரிந்தும் சொல்லாமல் விடுவதுதான் குற்றம். ஆறு மாதம் வரை சிறை உண்டு. ஸ்டேஷனுக்குப் போகத் தயக்கமென்றால் குழந்தைகள் உதவி எண் 1098க்குப் போன் செய்யுங்கள். தமிழகப் பள்ளிப் பிள்ளைகளுக்கு 14417 என்ற உதவி எண்ணும் இருக்கிறது. தயவுசெய்து பிள்ளையை ஆளாளுக்குக் கூப்பிட்டு “மறுபடி சொல்லு” என்று கேட்காதீர்கள். அது சொன்ன வார்த்தையை அப்படியே எழுதி வையுங்கள்.

கேள்வி: நாலாவது படிக்கும் மகனை வகுப்பில் ஒருவன் அடிக்கிறான். “திருப்பி அடி” என்கிறார் என் கணவர்.
– ஒரு வாசகி, திருநெல்வேலி

பதில்: வேண்டாம். கையை நீட்டி “அடிக்காதே!” என்று சத்தமாகச் சொல்லிவிட்டு, விலகி நேரே டீச்சரிடம் வரட்டும். சொன்னால் மட்டும் வராது. உங்கள் கணவரையே அந்தப் பையனாக நடிக்கச் சொல்லி, பத்து தடவை பழக்குங்கள். முதல் தடவை குரல் எழும்பாது.

“கை குலுக்குங்க” என்று நான் செய்து வைத்த சமாதானம் எதுவும் இடைவேளை வரைகூட நின்றதில்லை. பிறகு வேறு வழி பிடித்தேன். அவன் சொன்னதை இவன் திருப்பிச் சொல்ல வேண்டும், அவன் “ஆமா, அதான்” என்று ஒத்துக்கொள்ளும் வரை. ஜன்னலோர இடத்துக்காக இரண்டு பேர் சட்டையைக் கிழித்துக்கொண்டார்கள். ஒருவன் முறைத்துக்கொண்டே, “அவனுக்குக் காத்து இல்லேன்னா தலை வலிக்குதாம்” என்றான். சொல்லி முடித்தவன் கொஞ்ச நேரம் சும்மா நின்றான். அப்புறம் தன் பையை எடுத்துக்கொண்டு தள்ளி உட்கார்ந்தான்.