“அந்த ரவுடி ஒருத்தன்தான்மா நல்லவன்!”

அன்புள்ள மேடம்,

என் மகன் பிளஸ் டூ படிக்கிறான், 17 வயது. 2023இல் வந்த ‘ஹோப்லெஸ்’ என்ற கொரியப் படத்தையே திரும்பத் திரும்பப் பார்க்கிறான். ஒருநாள் நானும் கூட உட்கார்ந்து பார்த்தேன். யோன்-கியூ என்று ஒரு பையன், அவனைப் போட்டு அடிக்கும் மாற்றாந்தகப்பன், அப்புறம் பைக் திருடும் கும்பல், ஒரே ரத்தம். கும்பலை நடத்தும் சி-கோனைக் காட்டி, “இவன் ஒருத்தன்தான்மா நல்லவன்” என்கிறான். போன மாதம் மார்க் குறைந்ததற்கு அவன் அப்பா பெல்ட்டை எடுத்தார், அதிலிருந்து யாரோடும் பேச்சில்லை, போனே கதி என்று கிடக்கிறான். கெட்டுப்போய்விடுவானோ? போனைப் பிடுங்கிவிடவா?

- ஓர் அம்மா

அன்புள்ள சகோதரிக்கு,

போனைப் பிடுங்காதீர்கள். நானும் அந்தப் படத்தைப் பார்த்திருக்கிறேன். உங்கள் மகன் சொன்னது பாதி சரி.

மாற்றாந்தகப்பனின் மகளுக்காக ஒருவனை அடித்துவிட்டு, சமரசத்துக்கு 30 லட்சம் வோன், நம் பணத்தில் சுமார் இரண்டு லட்சம், கட்ட வழியில்லாமல் யோன்-கியூ முழிக்கும்போது சி-கோன்தான் எடுத்துக் கொடுக்கிறான். வீட்டில் அடி, வெளியில் கேட்காமலே உதவி. 18 வயதுப் பையன் யார் பின்னால் போவான்? அதே சி-கோன்தான் அவனை ஊரான் பைக்கைத் திருடவும் வைக்கிறான், அந்த மறுபாதி உங்கள் மகன் கண்ணில் படவில்லை.

பெல்ட் விஷயத்தை ஒரே வரியில் தாண்டிவிட்டீர்கள். எனக்கு அதுதான் முக்கியமாகப் பட்டது. அம்மாவைக் கூட்டிக்கொண்டு நெதர்லாந்து போய்விட வேண்டும் என்று காசு சேர்க்கிறான் யோன்-கியூ. அந்த அம்மாவும் அதே வீட்டில்தான் இருக்கிறாள், அடியைத் தடுக்க முடியாமல். உங்களைக் குத்திக்காட்டச் சொல்லவில்லை, ஆனால் உங்கள் மகன் அதையும்தான் திரும்பத் திரும்பப் பார்க்கிறான்.

முதலில் கணவரிடம் பேசுங்கள். இனிமேல் கை ஓங்க மாட்டேன் என்று அவரே மகனிடம் சொல்லட்டும், நீங்கள் தூது போகாதீர்கள். அப்புறம் ஒருநாள் சாப்பிடும்போது, “சி-கோன் எதனால நல்லவன்?” என்று கேட்டுவிட்டுச் சும்மா இருங்கள். அறிவுரை நாக்கு நுனிவரை வரும், விழுங்கிவிடுங்கள்.

படம் பார்ப்பதை விட, கையில் கணக்கில்லாத காசு புழங்குகிறதா, செலவு செய்ய எந்த ‘அண்ணன்’ கிடைத்திருக்கிறான் என்று கவனியுங்கள். அவன் பேசவே மறுத்தால் டெலி-மானஸ் என்ற அரசின் மனநல உதவி எண் 14416க்கு நீங்களே கூப்பிடலாம், தமிழிலேயே பேசுவார்கள், கட்டணம் கிடையாது. மறுபடியும் அவர் பெல்ட்டை எடுத்தால், குழந்தைகள் உதவி எண் 1098.