அதிகம் செய்யும் மருத்துவமனை, அதிகம் எழுதும் மருத்துவமனை

அப்பாவுக்குக் கணையத்தில் கட்டி. எங்கள் ஊரிலேயே ஆபரேஷன் செய்துவிடலாம் என்கிறார்கள். பெரிய நகரத்துக்குப் போகத்தான் வேண்டுமா?

முடிந்தால் போங்கள். அமெரிக்காவில் மெடிக்கேர் (முக்கியமாக முதியோருக்கான அரசு மருத்துவக் காப்பீடு) நோயாளிகளுக்கு 1994 முதல் 1999 வரை நடந்த 25 லட்சம் சிகிச்சைகளை பிர்க்மெயர் குழு ஆராய்ந்து 2002இல் வெளியிட்டது. கணைய அறுவையை மிக அரிதாகச் செய்யும் மருத்துவமனைகளில் 16.3 சதவீதம் பேர் இறந்தார்கள். மிக அதிகமாகச் செய்யும் இடங்களில் 3.8 சதவீதம்தான். இதில் சர்ஜன் கைப்பழக்கத்துக்குப் பெரிய பங்கு உண்டு. ஆனால் அது மட்டும் போதாது. வடிகால் குழாயில் வரும் நீரின் நிறம் மாறியதும் சந்தேகப்படும் நர்ஸ் வேண்டும், நடுராத்திரி ரத்தக்கசிவை அடைக்கத் தெரிந்தவர் வேண்டும். இதெல்லாம் அடிக்கடி பார்த்தால்தான் படியும். "போன வருஷம் இங்கே இந்த ஆபரேஷன் எத்தனை நடந்தது?" என்று சர்ஜனிடமே கேளுங்கள். நல்ல டாக்டர் இதற்குக் கோபப்பட மாட்டார்.

அப்படியானால் பித்தப்பைக் கல்லுக்கும் அலைய வேண்டுமா?

வேண்டாம். லஃப்ட், பங்க்கர், என்தோவன் என்ற மூன்று ஆய்வாளர்கள் 1979இலேயே இந்த வித்தியாசத்தைப் பார்த்தார்கள். திறந்த இதய அறுவை அதிகம் நடந்த இடங்களில் இறப்பு குறைவாக இருந்தது; பித்தப்பை அறுவையில் அப்படி எதுவும் தெரியவில்லை. அப்புறம், மாரடைப்பு, விபத்து என்றால் இந்தக் கணக்கே பார்க்காதீர்கள். சிகிச்சையை உடனே தொடங்கக்கூடிய அருகிலுள்ள இடத்துக்கு ஓடுங்கள்.

கூட்டம் அலைமோதும் இடத்தில் கவனிப்பு குறையாதா?

ஆட்களைப் பொறுத்தது. மதுரையில் 1976இல் 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த், கண்புரை அறுவையை ஏராளமாகச் செய்தே பெயர் வாங்கியது. வேலையைப் பிரித்துக் கொடுத்து, ஒவ்வொன்றுக்கும் ஆட்களைப் பழக்கினார்கள். நோயாளி மட்டும் கூடி நர்ஸ் கூடாவிட்டால் ஆபத்துதான். பென்சில்வேனியா மருத்துவமனைகளை ஆராய்ந்து ஐக்கன் குழு 2002இல் சொன்னது: ஒரு நர்ஸின் பொறுப்பில் ஒரு நோயாளி கூடினால், அறுவை நோயாளிகள் 30 நாளுக்குள் இறக்கும் வாய்ப்பு சுமார் 7 சதவீதம் கூடுகிறது. வார்டில் இரவு எத்தனை நர்ஸ் என்று விசாரியுங்கள்.

நிறைய டெஸ்ட் எழுதுகிறார்கள். நல்ல கவனிப்பு என்று எடுத்துக்கொள்ளலாமா?

கூடாது. ஒரு மருத்துவமனை ஒரே சிகிச்சையைப் பலருக்குச் செய்வது வேறு, ஒரே நோயாளிக்குப் பலவற்றைச் செய்வது வேறு. அமெரிக்காவில் செலவு மிகுந்த பகுதிகளில் நோயாளிகளுக்குச் சுமார் 60 சதவீதம் அதிக சேவை கிடைத்தும் இறப்பு குறையவில்லை என்று ஃபிஷர் குழு 2003இல் காட்டியது. டெஸ்ட் எழுதும்போது ஒன்று கேளுங்கள்: "இதில் என்ன வந்தால் சிகிச்சையை மாற்றுவீர்கள், டாக்டர்?"