பியானோவுக்கு ஆறு மைக்: கலக்க எந்த மென்பொருள்?

தென்னாப்பிரிக்கா, சாட்ஸ்வர்த்திலிருந்து ஒரு தம்பி: அக்கா, எங்கள் சபையில் பியானோவுக்கு ஆறு மைக் வைத்து கீர்த்தனைகளைப் பதிவு செய்தோம். ஒவ்வொரு மைக்கும் தனியாகக் கேட்டால் நன்றாக இருக்கிறது. சேர்த்துக் கேட்டால் குழாய்க்குள்ளிருந்து வருவது போல இருக்கிறது. நல்ல மென்பொருள் வாங்கினால் சரியாகுமா?

வாங்க வேண்டாம் தம்பி, முதலில் இதைப் பாருங்கள். தனியாக நன்றாக இருந்து சேர்ந்தால் கெடுகிறது என்றால் அது பெரும்பாலும் ஃபேஸ் கோளாறுதான், அதாவது ஒரே ஒலி வெவ்வேறு மைக்குக்கு வெவ்வேறு நேரத்தில் வந்து ஒன்றையொன்று அடித்துக்கொள்வது. ஒலி ஒரு நொடியில் சுமார் 343 மீட்டர் போகிறது. ஒரு மைக் இன்னொன்றைவிட 34 சென்டிமீட்டர் தள்ளி இருந்தாலே அதற்கு ஒலி ஒரு மில்லிசெகண்ட் தாமதமாக வந்து சேரும். இரண்டையும் ஒரே அளவில் கலந்தால் 500, 1500, 2500 ஹெர்ட்ஸ் என வரிசையாக ஒலி அடிபட்டுப் போகும். பியானோவின் நடுப்பகுதி முழுக்க அங்கேதான் இருக்கிறது!

எல்லா ட்ராக்கையும் (ஒவ்வொரு மைக்கின் தனிப் பதிவையும்) மியூட் செய்துவிட்டு, முக்கியமான இரண்டு மைக்கை மட்டும் திறங்கள். அப்புறம் ஒவ்வொன்றாகச் சேருங்கள். சேர்க்கும்போதெல்லாம் மோனோவில் (இடம் வலம் பிரிக்காமல் ஒரே ஒலியாக) கேட்டு, அந்த ட்ராக்கின் போலாரிட்டியைத் திருப்பிப் பாருங்கள், அதாவது ஒலி அலையைத் தலைகீழாக்கிப் பாருங்கள். எந்தப் பக்கம் திருப்பினால் இடது கை வாசிக்கும் தாழ்ந்த சுரங்களின் கனம் கூடுகிறதோ அதை வைத்துக்கொள்ளுங்கள். பிறகு ட்ராக்கைச் சாம்பிள் சாம்பிளாக (டிஜிட்டல் பதிவின் மிகச் சிறிய துண்டு அளவில்) நகர்த்துங்கள். எப்படிச் செய்தும் பலன் தராத மைக்கை எடுத்துவிடுங்கள். மூன்று மைக்கில் அருமையான பதிவு கிடைக்கும்.

ஃபீனிக்ஸிலிருந்து: ரீப்பர், ப்ரோ டூல்ஸ், லாஜிக் என்று பதிவு மென்பொருள்கள் இருக்கின்றன. எதில் ஒலி தரமாக இருக்கும்?

மூன்றிலும் ஒன்றுதான். கலப்பது என்பது கூட்டல் கணக்கு. ஃபேடரும் (ஒலி அளவு) பேனும் (இடம் வலம்) ஒரே மாதிரி இருந்தால் வித்தியாசம் கேட்காது. போலாரிட்டி பொத்தான், சாம்பிள் அளவில் நகர்த்தும் வசதி, எல்லா ட்ராக்கையும் சேர்த்து வெட்டும் வசதி, இந்த மூன்றும் கைக்கு எளிதாக வருகிறதா என்று பாருங்கள். லாஜிக் ஆப்பிளின் மேக்கிலும் ஐபேடிலும் மட்டும்தான் ஓடும். ரீப்பர் விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். 60 நாள் முழுதாகப் பயன்படுத்திப் பார்த்துவிட்டு, சொந்த உபயோகத்துக்கு 60 டாலர் கட்டினால் போதும். ராண்டில் சம்பாதிக்கும் நமக்கு, மாதாமாதம் டாலரில் சந்தா கட்டுவதைவிட இதுவே நிம்மதி. நான் ரீப்பரைத்தான் சொல்வேன்.

பீட்டர்மாரிட்ஸ்பர்க்கிலிருந்து: இலவச மென்பொருள் ஆடாசிட்டி போதாதா?

இரண்டு மைக்குக்குப் போதும். ஆறு மைக்கில் இரண்டு மூன்று டேக்குகளை (ஒரே பாட்டை மறுபடி வாசித்த பதிவுகளை) ஒட்டவேண்டி வந்தால் சிரமம். ஆறையும் ஒரே இடத்தில் வெட்ட வேண்டும், ஒன்று விலகினாலும் மேலே சொன்ன கோளாறு வந்துவிடும். ரீப்பரில் ஆறையும் ஒரு குழுவாகக் கட்டிவிட்டால் சேர்ந்தே நகரும். இரண்டு டேக் ஒன்றன்மேல் ஒன்று படியும் இடத்தில் கிராஸ்ஃபேடையும் (ஒன்று மெல்லக் குறைய மற்றது மெல்லக் கூடுவது) அதுவே போட்டுவிடும்.

லெனேசியாவிலிருந்து ஓர் ஐயா: பதிவில் ஒரு 'ம்ம்ம்' இரைச்சல். இணையத்தில் 60 ஹெர்ட்ஸை வெட்டச் சொன்னார்கள். வெட்டினேன், போகவில்லை.

அது அமெரிக்கக் கணக்கு ஐயா. தென்னாப்பிரிக்க மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். இரைச்சல் 50, 100, 150 என்று நிற்கும். ஆனால் அவசரப்பட்டு அங்கேயும் வெட்டிவிடாதீர்கள். பியானோவின் கீழ் ஜி சுரம் 49 ஹெர்ட்ஸ், அதற்கு மேல் ஜி 98. அகலமாக வெட்டினால் இரைச்சலோடு அந்தச் சுரங்களும் மெலிந்துவிடும். மிகக் குறுகலான நாட்ச் (ஒரே அதிர்வெண்ணை மட்டும் வெட்டும் வடிகட்டி) வைத்து, இரைச்சல் உள்ள ட்ராக்கில் மட்டும் போடுங்கள். பெரும்பாலும் ஒரே ஒரு கேபிள்தான் காரணமாக இருக்கும். அடுத்த முறை பதிவுக்கு முன்னால் ஒவ்வொரு மைக்காகக் கழற்றிப் பார்த்துக் கண்டுபிடித்துவிடுங்கள்.

டோங்காட்டிலிருந்து: பழைய லேப்டாப் ஆறு ட்ராக்கைத் தாங்குமா? நடுவில் கரண்ட் போனால்?

தாங்கும். 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸில் ஆறு ட்ராக்குக்கு மணிக்கு சுமார் 3 ஜிபி இடம் போதும். கரண்ட் போனால் லேப்டாப் பேட்டரியில் ஓடும், மைக்குகளை லேப்டாப்போடு இணைக்கும் இன்டர்ஃபேஸ் பெட்டிதான், சுவர் மின்சாரத்தில் ஓடுவதாக இருந்தால், அணைந்துவிடும். அதை ஒரு சின்ன யுபிஎஸ்ஸில் (பேட்டரி உள்ள மின் பெட்டியில்) செருகிவிடுங்கள்.